கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கு யார் பொறுப்பு?

கீழ்க்கட்டளையில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேரப் படிப்பு வட்டம் ஒன்றை நடத்திவருகிறோம். கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் வருவார்கள். உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அவர்களுடைய பெற்றோரும் வருவார்கள். சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். வீடு பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில். வேலை கீழ்க்கட்டளையில் நான்கு வீடுகளில். பிள்ளைகள் எல்லோரும் கிளம்பிப் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, எங்களில் ஒருவரான ஆசிரியையிடம் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், கருமுட்டை எடுத்தா பின்னாடி புள்ள பொறக்காமப் போயிடுமா?"

விசாரித்தபோது கதை வெளியே வந்தது. மூன்று இடத்தில் குழுக்கடன். வாரம்தோறும் தவணை. கல்லூரிக் கட்டணம் கட்டச் சொல்லி மகளுக்கு நெருக்கடி. குடியிருப்பில் பழக்கமான ஒரு பெண் முதலில் இவரையே கேட்டிருக்கிறார். "கு.க. ஆபரேஷன் பண்ணியாச்சுல்லக்கா, மாசாமாசம் வீணாத்தான போவுது" என்பது அவருடைய பேச்சு. இவருக்கு வயது 38 என்று தெரிந்ததும், "அப்ப பொண்ணு இருக்குல்ல" என்று அடுத்த வார்த்தை வந்திருக்கிறது. மகளுக்கு 19 வயது. அதற்கும் அந்தப் பெண்ணிடம் பதில் இருந்தது: "ஆதார்ல வயசு ஏத்திக்கலாம், அதெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க."

அந்தத் தாய் நல்லவேளையாகக் கேட்க வந்தார். கேட்க ஆளில்லாத தாய்கள் எத்தனை பேர் என்ற நினைப்புதான் இந்த வாரப் பத்தியை எழுத வைக்கிறது.

ஈரோட்டை மறந்துவிட்டோமா?

2022 ஜூன் மாதம் ஈரோட்டில் ஒரு வழக்கு வெடித்தது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு விற்கப்பட்டிருந்தன. பூப்பெய்திய சிறு வயதிலேயே இது தொடங்கிவிட்டதாகவும், எட்டு முறை எடுக்கப்பட்டதாகவும் விசாரணையில் வெளிவந்தது. சிறுமியின் தாய், தாயுடன் வாழ்ந்த ஆண், புரோக்கர் பெண், வயதைக் கூட்டிப் போலி ஆதார் அட்டை தயாரித்துக் கொடுத்தவர் ஆகியோர் கைது செய்யப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் குடும்பத்துக்கு 20,000 ரூபாய், புரோக்கருக்கு 5,000 ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. சிறுமி அழைத்துச் செல்லப்பட்ட தனியார் மருத்துவமனைகளின் பட்டியல் தமிழகத்தோடு நிற்கவில்லை; ஆந்திரத்துக்கும் கேரளத்துக்கும் நீண்டது. சுகாதாரத் துறைக் குழு விசாரித்தது. ஜூலையில் மருத்துவமனைகள் மீது நடவடிக்கை என்று அமைச்சர் அறிவித்தார்.

ஊரே அந்தத் தாயைத் திட்டியது. திட்ட வேண்டியதுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு சிறுமிக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள், பன்னிரண்டு நாள் ஊசி போட்டவர்கள் இருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் இருக்கிறார். ஊசி நுழைத்து எடுத்தவர் இருக்கிறார். இத்தனை பேருடைய கண்ணுக்கும் அவள் குழந்தையாகத் தெரியவில்லையா? ஆதார் அட்டையில் இருந்த பொய் எழுத்து தெரிந்தது. எதிரே படுத்திருந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை. அந்தச் சிறுமி எந்தச் சாதி என்று நாம் கேட்கப் போவதில்லை. எந்த வீட்டுப் பிள்ளை இப்படி எட்டு முறை படுக்க வைக்கப்படுவாள், எந்த வீட்டுப் பிள்ளைக்கு இது நடக்கவே நடக்காது என்பது கேட்காமலே தெரியும்.

உடம்பில் நடப்பது என்ன?

புரோக்கர்கள் சொல்வது, "ரத்தம் கொடுக்கிற மாதிரிதான்" என்று. அது பொய். ரத்தம் கொடுக்க அரை மணி நேரம் போதும். கருமுட்டை கொடுக்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் உடம்பை ஒப்படைக்க வேண்டும்.

இயற்கையில் மாதம் ஒரு முட்டைதான் பெரும்பாலும் முதிர்ந்து வெளியே வரும். ஒரே நேரத்தில் பல முட்டைகளை முதிர வைப்பதற்காகத் தினமும் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். சுமார் 10 முதல் 12 நாள் இது தொடரும். நடுவில் பல முறை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. முட்டைகள் வளர்ந்ததும் கடைசியாக ஒரு ஊசி. அதைப் போட்டு 34 முதல் 36 மணி நேரத்துக்குள், மயக்க மருந்து கொடுத்து, பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் கருவியோடு நீண்ட ஊசியைச் செலுத்தி, சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். எடுக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஊசி மருந்து உடம்பில் செய்த வேலை அன்றோடு முடிவதில்லை.

"மாசாமாசம் வீணாத்தான போவுது" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்று தவிர மற்றவை தானாகவே அழிந்துபோகின்றன. ஊசி மருந்து அப்படி அழிய இருந்தவற்றைத்தான் வளர்த்தெடுக்கிறது. ஆகவே ஒருமுறை கொடுத்ததால் கையிருப்பு தீர்ந்துவிடும், பிறகு குழந்தையே பிறக்காது என்று பயமுறுத்துவது சரியல்ல. குடும்பக் கட்டுப்பாடு செய்த பெண்ணுக்கும் குழாயைத்தான் அடைக்கிறார்கள், சினைப்பை வழக்கம்போல வேலை செய்யும் என்பதும் உண்மைதான். அந்தத் தாய்க்கும் இதைத்தான் முதலில் சொன்னோம்.

புரோக்கர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. முட்டை போவதால் வருகிற ஆபத்து அல்ல அது. ஊசி மருந்தாலும், ஊசி முனையாலும், மயக்க மருந்தாலும் வருவது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

முதலாவது, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவது. மருத்துவர்கள் இதை ஓவேரியன் ஹைப்பர் ஸ்டிமுலேஷன் சிண்ட்ரோம் என்கிறார்கள். சினைப்பைகள் வீங்கும். ரத்தக் குழாயில் இருக்க வேண்டிய நீர் கசிந்து வயிற்றில் சேரும். லேசான அளவில் வயிறு உப்பல், வலி, குமட்டல் என்று வந்து ஓரிரு வாரத்தில் தானாகக் குறைந்துவிடும். பலருக்கு இந்த அளவோடு நின்றுவிடுகிறது. கடுமையாகப் போவது சிலருக்குத்தான். ஆனால் போய்விட்டால் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். ரத்தம் கெட்டியாகிக் கட்டி உண்டாகும். சிறுநீர் குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். உயிரும் போகலாம்.

யாருக்கு இது அதிகம் வரும்? வயது குறைந்த பெண்களுக்கு. ஒல்லியானவர்களுக்கு. சினைப்பையில் நிறைய முட்டை வளரும் தன்மை கொண்டவர்களுக்கு, பி.சி.ஓ.எஸ். என்ற நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் இதில் முக்கியமானவர்கள். முட்டை வியாபாரம் தேடிப் போவதும் இதே பெண்களைத்தான். இளம் வயது, நிறைய முட்டை. யாரிடம் அதிகம் கிடைக்குமோ அவருக்கே ஆபத்தும் அதிகம்.

இரண்டாவது, ஊசி நுழைவதால் வருவது. உள்ளே ரத்தக் கசிவு ஏற்படலாம். கிருமித் தொற்று வரலாம். பக்கத்தில் உள்ள குடலிலோ சிறுநீர்ப்பையிலோ ஊசி படலாம். இவை அபூர்வம்தான். மூன்றாவது, வீங்கிய சினைப்பை தன்னைத் தானே முறுக்கிக்கொள்வது. அப்படி நேர்ந்தால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அந்தச் சினைப்பையையே இழக்க நேரிடும். இன்னும் பிள்ளை பெறாத ஒரு கல்லூரி மாணவிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. நான்காவது, மயக்க மருந்து. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. சோகை பிடித்த உடம்புக்கு உள்ளே கசிகிற கொஞ்ச ரத்தமும் பெரிய அடி.

இவையெல்லாம் காகிதத்தில் எழுதும் பயங்கள் அல்ல. 2010-ல் மும்பையில் பழைய இரும்புக் கடையில் வேலை செய்த 17 வயதுப் பெண் ஒருத்தி, மூன்றாவது முறையாகக் கருமுட்டை கொடுத்த இரண்டு நாளில் இறந்துபோனாள். அந்தச் சாவை ஏன் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று 2012-ல் மும்பை உயர் நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. 2014 ஜனவரியில் டெல்லியில் 26 வயது இளம் தாய் ஒருவர், கருமுட்டை எடுக்கப்பட்ட பிறகு இறந்தார். 

ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல

"மருத்துவம் வளர்ந்துவிட்டது, ஆபத்து நூற்றில் ஒன்றுதான்" என்று சிலர் சொல்வார்கள். மருத்துவம் வளர்ந்தது உண்மை. மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுக்கலாம். கடைசி ஊசியாக வேறு வகை மருந்தைப் போட்டால் கடுமையான வீக்கம் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. முட்டை கொடுப்பவர் அந்த மாதம் கர்ப்பமாவதில்லை என்பதால், கர்ப்பத்தோடு சேர்ந்து நீடிக்கும் கடுமையான நிலையும் குறைவு. கவனமுள்ள மருத்துவர், முறையான ஸ்கேன், இரவில் கூப்பிட்டால் எடுக்கும் தொலைபேசி, தேவைப்பட்டால் ஒரு படுக்கை. இவை இருந்தால் பெரும்பாலான பெண்கள் நலமாகவே திரும்புவார்கள்.

இவை இல்லாவிட்டால்? நூற்றில் ஒன்று என்ற அந்தக் கணக்கு, கண்காணிப்பு இருக்கும் இடத்தில் எடுத்த கணக்கு. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கண்ணகி நகரிலும் மாடிக் குடியிருப்புக்குத் திரும்பும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அடையாற்றங்கரையிலிருந்தும் கூவம் கரையிலிருந்தும் பெயர்த்தெடுத்து நகரின் விளிம்பில் குடியமர்த்தப்பட்ட மக்கள் அவர்கள், பெரும்பான்மையோர் தலித்துகள். முட்டை எடுத்த மறுநாள் காலையில் ஐ.டி. கம்பெனியில் துடைப்பம் பிடிக்க வேண்டும். லீவு போட்டால் கூலி இல்லை. கணவருக்குத் தெரியாமல் போனவராக இருந்தால், வலிக்கிறது என்று சொல்லவும் வாயில்லை. மூன்றாம் நாள் வயிறு உப்பினால் "சாப்பாடு ஒத்துக்கல" என்று பெட்டிக்கடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் என்ன நடந்தது என்று சொல்லமாட்டார். சொல்லாததால் மருத்துவருக்கும் நோய் பிடிபடாது. அதே ஊசி, அதே மருந்து. ஆனால் ஆபத்து அதே ஆபத்து அல்ல.

ஒரு முறைக்கு மேல் கொடுப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருத்துவமனை, வேறு வேறு பெயர். போன முறை உடம்பு எப்படித் தாங்கியது என்பது இந்த முறை ஊசி போடுபவருக்குத் தெரியாது. முட்டை கொடுத்த பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வுகள் உலக அளவிலேயே குறைவு. முட்டை வாங்கியவரின் கர்ப்பத்தை மாதம் தவறாமல் பார்க்கிறார்கள். கொடுத்தவர் வாசலைத் தாண்டியதோடு கோப்பு மூடப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கு வயது 23-க்குக் குறையக் கூடாது, 35-ஐத் தாண்டக் கூடாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. பதிவு பெற்ற வங்கி வழியாக மட்டுமே பெற வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் போன்றவற்றுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். முட்டை எடுப்பதால் வரும் எல்லாப் பாதிப்புகளுக்கும் செலவை ஏற்கும்படி, அந்தப் பெண்ணின் பெயரில் 12 மாதக் காப்பீடு எடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டை எடுக்க வேண்டியவர்கள் முட்டை கேட்டு வருபவர்கள். முட்டையை விற்பதும், விற்க ஏஜென்சி நடத்துவதும், கொடுப்பவரைச் சுரண்டுவதும் குற்றம். முதல் முறை 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு வரை சிறையும், 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை அபராதமும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் முறை பிடிபட்டால் வெறும் அபராதம் என்பது லட்சங்களில் புழங்கும் தொழிலுக்குத் தொழில் செலவு மாதிரிதான். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ், வாரியமோ அது அதிகாரம் அளித்த அதிகாரியோ எழுதிக் கொடுக்கும் புகாரை வைத்துத்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். பாதிக்கப்பட்ட பெண் தானே நேராக நீதிமன்றப் படியேற முடியாது. வன்கொடுமை வழக்குகளில் ஒரு புகாரைப் பதிவு செய்ய வைப்பதற்கே என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். அதிகாரி வழியாகத்தான் நீதி என்றால், அதிகாரியின் அறை வரை போக முடியாதவர்களுக்கு நீதி இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. வாழ்நாளில் ஒருமுறைதான் என்ற விதி பெண்ணைக் காப்பதற்காக எழுதப்பட்டது. ஆனால் கடன் ஒருமுறையோடு நிற்பதில்லையே. இரண்டாவது முறை போகும் பெண் பெயரை மாற்றிக்கொண்டு போகிறார். பெயரை மாற்றியதும் காப்பீடு செல்லாது, மருத்துவக் குறிப்பு பொய், புகார் கொடுத்தால் தானே மாட்டிக்கொள்வோம் என்ற பயம். காக்க வந்த விதி அவர் வாயை அடைக்கப் பயன்படுகிறது. அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. பொய் ஆதாரைச் சரிபார்க்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது, மாட்ட வேண்டியவரும் அவர்தான், அந்தப் பெண் அல்ல என்று வெளிப்படையாக அறிவிக்கச் சொல்கிறோம்.

இது ஏன் தலித் பிரச்சினை?

"எல்லா ஏழைகளுக்கும்தானே இது நடக்கிறது" என்று கேட்பவர்கள் உண்டு. வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்றே பெயர் வந்தது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றதை 2007-ல் பார்த்தோம். 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் செய்தியாயின. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் காவிரி ஆறு மட்டும்தான். ஒரு கரையில் சிறுநீரகம், மறு கரையில் கருமுட்டை. எல்லா இடத்திலும் முதலில் வந்தது கடன். எனவே இது எல்லா ஏழைகளின் பிரச்சினைதான்; மறுக்கவில்லை.

ஆனால் கருமுட்டையில் சாதி கூடுதலாக ஒரு வேலை செய்கிறது. அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதி உயிரோடு இருப்பதே பெண்ணின் உடலையும் திருமணத்தையும் கட்டுக்குள் வைப்பதால்தான் என்று காட்டினார். நூறு ஆண்டு கழித்து ஆய்வுக்கூடத்துக்குள்ளும் அந்தக் கட்டு போயிருக்கிறது. முட்டையும் விந்தும் கேட்டு வருபவர்களில் சிலர் "எந்தச் சாதி, என்ன நிறம்" என்று கேட்கிறார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்திருக்கிறது. நம் பெண்ணிடம் எடுக்கும்போது சாதி மறைக்கப்படும். கொடுக்கும்போது வேறு சாதி ஒட்டப்படலாம். தெருவில் அவள் கை பட்ட டம்ளர் தனி. அவள் உடம்பில் விளைந்த முட்டை மட்டும் தீட்டில்லை. நமக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அவள் உயிருக்கு உத்தரவாதம் எங்கே என்பதுதான் கேள்வி.

குழந்தை இல்லாத பெண்ணின் கண்ணீரை நாம் இளக்காரம் செய்யவில்லை. "மலடி" என்ற ஒரு சொல்லால் நம் தெருக்களிலும் பெண்கள் செத்திருக்கிறார்கள். கருமுட்டை தானம் என்ற மருத்துவ முறையே வேண்டாம் என்பதும் நம் வாதமல்ல. தங்கைக்காக அக்கா கொடுப்பதும், முழு விவரம் தெரிந்து ஒருவர் மனமுவந்து கொடுப்பதும் அவரவர் உரிமை. "என் உடம்பு, என் முடிவு" என்று சொல்லும் மாணவிகளோடும் நமக்குச் சண்டையில்லை. வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது எடுக்கும் முடிவை மட்டும் முடிவு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த பல பக்கத் தாளில், நகல்கூடக் கொடுக்காமல் வாங்கும் கையெழுத்தையும் சம்மதம் என்று ஏற்க முடியவில்லை.

பலன் யாருக்கோ, செலவு அவருக்கு

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்தார். பெண் தொழிலாளியின் பேறுகால ஓய்வுச் சுமையை அவளே தனியாகத் தூக்கக் கூடாது என்பதே அன்று நடந்த விவாதத்தின் சாரம். அதே அளவுகோலைக் கருமுட்டைக்கும் வைக்கலாம். இந்த இரண்டு வாரத்தால் பலன் பெறுபவர்கள் மருத்துவமனை, வங்கி, தம்பதி. வலி, கூலி இழப்பு, ஆபத்து மட்டும் ஏன் அந்தப் பெண்ணுக்கு?

எனவே அரசிடம் கேட்கிறோம். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். மருத்துவமனையைச் சாராத ஒருவர் அதை வாசித்துக் காட்ட வேண்டும். காப்பீட்டுத் தாள் முதல் ஊசிக்கு முன்பே அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். முட்டை எடுத்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் அவரைத் தொடர்ந்து பார்க்கும் கடமை மருத்துவமனைக்கு வேண்டும். அந்த நாட்களின் கூலி இழப்புக்கும் வழி வேண்டும். குரோம்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைகளில், வயிறு உப்பி வரும் இளம்பெண்ணிடம் குற்றவாளியிடம் பேசுவதுபோல் அல்லாமல் தனியாகக் கேட்டறிய ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணே நேராக வழக்குத் தொடுக்கும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். இதைக் கண்காணிக்கும் வாரியத்தில் தலித் பெண்களுக்கு இடம் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை உரிய மாதத்தில் வந்து சேர வேண்டும். வலுக்கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. அது வாரியக் குடியிருப்பின் படிக்கட்டு வரை வர வேண்டும். இவற்றுக்கும் கருமுட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அந்தத் தாயிடம்தான் கேட்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டியவை

யாராவது கேட்டால், இதை மனதில் வையுங்கள். 23 வயதுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, அது குற்றம். ஆதாரில் வயதை மாற்றலாம் என்று சொல்பவர் உங்கள் நலம் விரும்பி அல்ல. மருத்துவமனையின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். காப்பீட்டுத் தாளைக் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேளுங்கள். இரவில் கூப்பிட வேண்டிய எண்ணைக் கேளுங்கள். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஊசி தொடங்கிய பிறகு நிறுத்தினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால், வெட்கப்படாமல் உடம்பைக் கவனியுங்கள். வயிறு வேகமாக உப்புவது, ஒரே நாளில் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடுவது, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, திடீரென்று அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி. இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள், "கருமுட்டை எடுத்தார்கள், இந்தத் தேதியில்" என்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காக்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்கள் உதவிக்கு 181, சிறுமி என்றால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

படிப்பு வட்டங்கள், அம்பேத்கர் மன்றங்கள், மகளிர் குழுக்கள் இதைப் பேச வேண்டும். பேச வெட்கமான விஷயம் என்று நாம் ஒதுங்கினால், வெட்கமில்லாமல் பேச புரோக்கர் இருக்கிறார்.

அந்தத் தாய் மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி காப்பீட்டுத் தாளையும் பதிவுச் சான்றையும் கேட்டிருக்கிறார். "கேட்டுச் சொல்றேன்" என்று வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. இரண்டு தாள் கேட்டதற்கே ஓடிப்போகிற தொழில் அது. மகள் வழக்கம்போல மாலை வகுப்புக்கு வருகிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. கல்லூரிக் கட்டணத்துக்கு நாங்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் புரட்டிக் கொடுத்தோம். மீதிக்கு உதவித்தொகையை எதிர்பார்த்திருக்கிறோம். வாரத் தவணை மட்டும் தவறாமல் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.